சொல்லாமல் அணையும் கணினி

தேர்வாணைய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். படிவம் பாதி நிரம்பியிருக்கிறது. திரை சட்டென்று கறுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் நஷ்டம் கணினி வைத்திருப்பவருக்கு மட்டும் இல்லை. சித்தேரி மலையிலிருந்து இறங்கி அரூர் வந்து, வரிசையில் காத்திருந்தவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது. இ-சேவை மையம், டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, கூட்டுறவுச் சங்கம், பள்ளி அலுவலகம் என்று தருமபுரி மாவட்டம் முழுக்க மேசைக் கணினியை நம்பி வேலை நடக்கிறது. அதனால் இந்த ஒரு கோளாறைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறேன்.

கணினி தானாக அணைந்தால் வழக்கமாக இரண்டு வைத்தியம் நடக்கும். ஒன்று, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவது. இன்னொன்று, கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றுவது. இரண்டும் சில சமயம் பலிக்கும். பலிக்காதபோது, "எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் அணையுது" என்று ஆள் சோர்ந்துபோகிறார், பணமும் போய்விடுகிறது. நான் பார்த்தவரை நம் மாவட்டத்தில் காரணம் முதலில் கேபினட்டுக்கு வெளியே இருக்கிறது. சுவர் பிளக்கிலும் ஒயரிலும் யூபிஎஸ்ஸிலும் இருக்கிறது. அடுத்தது சூடு. அதற்கடுத்தது எஸ்எம்பிஎஸ். மதர்போர்டும் ரேமும் விண்டோஸும் பிறகுதான். சோதனையையும் இதே வரிசையில் செய்யுங்கள். முதல் சோதனைகளுக்குப் பெரும்பாலும் காசு செலவில்லை.

ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் மணி என்ன, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, அந்த நொடியில் டியூப்லைட் மங்கியதா, ஃபேன் வேகம் குறைந்ததா, யூபிஎஸ் சத்தம் போட்டதா, பக்கத்தில் யாராவது மோட்டாரோ கிரைண்டரோ போட்டார்களா என்று எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். தினமும் ஒரே நேரத்தில் அணைகிறதா, வெயில் ஏறியபின் அணைகிறதா, பிரிண்ட் கொடுக்கும்போது அணைகிறதா என்பது தெரிந்துவிடும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அணைந்த பிறகு என்ன செய்கிறது

எப்படி அணைந்தது என்பதைவிட, அணைந்த பிறகு எப்படி எழுகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. அதில் நல்ல துப்பு கிடைக்கும்.

பவர் பொத்தானை அழுத்தியதும் உடனே எழுந்து, பிறகு நெடுநேரம் ஒழுங்காக ஓடினால் கரண்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். எழுந்து சில நிமிடங்களிலேயே மறுபடி அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடினால் அது சூடு. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எழாமல், சுவர் சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போட்டால் மட்டும் எழுந்தால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு நிறுத்தியிருக்கிறது. அதாவது எஸ்எம்பிஎஸ்ஸே பழுது, அல்லது அது கரண்ட் கொடுக்கும் ஏதோ ஒரு பாகத்தில் ஷார்ட். போட்ட நாலைந்து நொடியில் ஒவ்வொரு முறையும் அணைந்தால் முன்பக்கப் பவர் பொத்தான் உள்ளேயே சிக்கியிருக்கலாம். பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி கட்டாயமாக அணையும். சிக்கிய பொத்தான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

தானாக மறுபடி எழுகிறதா, அணைந்தே கிடக்கிறதா என்பது பயாஸில் உள்ள ஓர் அமைப்பைப் பொறுத்ததாகவும் இருக்கலாம். கரண்ட் போய்த் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு தேர்வு உண்டு. எனவே 'ரீஸ்டார்ட் ஆகுது', 'ஆஃப் ஆகுது' என்ற வித்தியாசத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நீலத் திரை வந்து அணைந்தால் அது வேறு வகை. பல கணினிகளில் நீலத் திரை ஒரு நொடி மின்னி மறைந்துவிடும், பார்ப்பவருக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆனதாகத் தோன்றும். திஸ் பிசி மீது வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்று போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை நின்றிருக்கும். செல்போனில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் தானே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கினால் ஈவன்ட் வியூவர் வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அணைந்த நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருந்தால், கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்று மட்டும்தான் பொருள். அது காரணத்தைச் சொல்லாது. '41 எரர் வருது, எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிளக்கை நீங்களே பிடுங்கினாலும் அதே 41தான் வரும். அந்த வரியின் விவரங்களில் பக்செக் கோடு பூஜ்யம் என்றிருந்தால் நீலத் திரை பதிவாகவில்லை, மின்சாரப் பக்கமோ சூட்டின் பக்கமோ பாருங்கள். வேறு எண் இருந்தால் ரேம், டிரைவர், ஹார்டுடிஸ்க் பக்கம். 41க்குப் பதிலாக 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு நிரலோ ஆளோ முறையாக மூடச் சொல்லியிருக்கிறார்கள். எது மூடியது என்ற பெயரும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் அது விண்டோஸ் அப்டேட்.

கடிகாரம் வைத்தது போல மணிக்கு ஒரு முறை அணைகிறதா? கடையில் போட்டுக்கொடுத்த விண்டோஸ் எந்த வகை என்று பாருங்கள். 'எவாலுவேஷன்' என்ற சோதனைப் பதிப்பு 90 நாளுக்குத்தான் செல்லும். கெடு முடிந்தபின் அது மணிக்கொரு முறை கணினியை அணைத்துவிடும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராது. முறையான விண்டோஸ் போட வேண்டும், அல்லது இலவசமான லினக்ஸுக்கு மாற வேண்டும்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது விதி. கணக்குப் போட்டால் சுமார் 216 முதல் 244 வரை. நகரத்தின் நடுவில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், லைனின் கடைசியில் இருக்கும் பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கதை வேறு. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய கிணற்று மோட்டார்களும் போர் மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் கரண்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அந்த நொடியில் வோல்டேஜ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். ஃபேன் சுழன்ற வேகத்திலேயே சுழன்றுவிடும், லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், கணினி அணைந்துவிடும். கரண்ட் போகவே இல்லையே என்று நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிக்கும் நேரம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். மலிவான எஸ்எம்பிஎஸ் அந்த அளவுக்கும் தாங்காது.

இதை உறுதிசெய்ய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். விலை குறைந்ததே போதும். ஏசி 750 வோல்ட் நிலையில் வைத்து, கணினி பிளக் உள்ள அதே பாக்ஸில் காலை, மதியம், மாலை விளக்கேற்றும் நேரம், இரவு பத்து மணிக்குமேல் அளந்து நோட்டில் எழுதுங்கள். மீட்டர் முனையைப் பிடிக்கும்போது விரல் உலோகத்தில் படக் கூடாது. ஈரக் கையோடு செய்யக் கூடாது. மின்சாரத்தில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கட்டும்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்த பிறகு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. நம் ஊர் நிலம் பல இடங்களில் கடப்பாரை இறங்காத பாறை. எர்த் குழியை ஆழமாகத் தோண்டாமல் கம்பியை மேலாக அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மாசி பங்குனியில் மண் காய்ந்ததும் அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கும். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிச் சுற்று சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. போக வழியில்லாதபோது அது இரும்பில் நிற்கிறது. அப்படிப்பட்ட கணினியில் யூஎஸ்பி செருகினால் ரீஸ்டார்ட் ஆவதும், பிரிண்டர் போர்ட் கெடுவதும் நடக்கும். குழியில் தண்ணீர் ஊற்றி, கரியும் உப்பும் போட்டுப் பாருங்கள். அப்படியும் இழுத்தால் புது எர்த் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு மதர்போர்டைவிடக் குறைவு.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். மும்முனை இணைப்பு உள்ள கட்டடத்தில் ஓர் அறை லைட் திடீரெனக் கண் கூசும்படி எரிந்து, இன்னொரு அறையில் மங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. ஒரு லைனில் வோல்டேஜ் 300ஐத் தாண்டலாம். உடனே மெயினை அணையுங்கள். கணினி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போவது இப்படித்தான். பிறகு பக்கத்து வீட்டில் கேளுங்கள்: "அக்கா, உங்க வீட்டுலயும் லைட்டு இப்படித்தான் எரியுதா?" அவர்கள் வீட்டிலும் அப்படியென்றால் கோளாறு கம்பத்தில். லைன்மேன் அண்ணாவைக் கூப்பிடுங்கள், அல்லது மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ல் புகார் பதியுங்கள். அவர்கள் வீட்டில் சரியாக இருந்தால் கோளாறு உங்கள் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்.

இனி பிளக். சாதாரணமாகத் தெரியும், ஆனால் பல இடங்களில் இதோடேயே பிரச்சினை முடிந்துவிடும். கேபினட்டின் பின்னால் செருகும் பவர் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று லேசாக ஆட்டிப் பாருங்கள். மேசை ஆடினால் அணைகிறது, கால் பட்டால் அணைகிறது என்றால் இதுதான். சுவர் பாக்ஸின் துளைகள் தளர்ந்து பிளக் தொங்கினால் உள்ளே தீப்பொறி தட்டும், பிளக் முள் கறுத்திருக்கும். பாக்ஸை மாற்றுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி நீட்டிய ஒயரும், ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கணினிக்கு வேண்டாம்.

இன்வெர்ட்டரும் யூபிஎஸ்ஸும்

2012இல் தமிழகம் முழுவதும் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டபோது, வசதிப்பட்டவர்கள் எல்லாம் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. இப்போது பல வீடுகளிலும் கடைகளிலும் கணினி அந்த இன்வெர்ட்டர் லைனிலேயே ஓடுகிறது. கரண்ட் போகும்போது மட்டும் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது, ஃபேனும் லைட்டும் நிற்பதில்லை என்பவர்கள் இதைப் படியுங்கள்.

இன்வெர்ட்டர் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ் மோட், மறுபக்கம் நார்மல் அல்லது எக்கோ மோட். நார்மலில் மாறும் நேரம் அதிகம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது, கணினி தாங்காது. யூபிஎஸ் மோடில் வைத்தால் சீக்கிரம் மாறும். கணினி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் லோ வோல்டேஜ் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. யூபிஎஸ் மோடில் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் மெயினை விட்டுவிட்டுப் பேட்டரிக்குப் போய்விடும். மாலை முழுவதும் 170 வோல்ட் வரும் ஊரில் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். சார்ஜும் ஏறாது. அங்கே நான் சொல்வது, வீட்டுக்கு இன்வெர்ட்டர் நார்மல் மோடிலேயே இருக்கட்டும், கணினிக்குத் தனியாகச் சிறு யூபிஎஸ் வையுங்கள். அந்த யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனில் செருகுவதானால் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் மின்சாரத்தைப் பல யூபிஎஸ்கள் ஏற்பதில்லை. கரண்ட் வந்ததாகவே கருதாமல் கத்திக்கொண்டே இருந்து தன் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

யூபிஎஸ் இருக்கிறதே, அப்புறம் ஏன் அணைகிறது? யூபிஎஸ்ஸின் உயிர் உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. நம் வெயிலில் அது இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் அதிகம். செத்த பேட்டரியோடு யூபிஎஸ் பச்சை விளக்கு காட்டிக்கொண்டு நின்றிருக்கும், நமக்குத் தெரியாது. வோல்டேஜ் ஒரு நொடி லேசாக விழும், யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும், அங்கே ஒன்றும் இருக்காது, கணினி அணையும். நேராகச் சுவரில் செருகியிருந்தாலாவது அந்தச் சிறு பள்ளத்தைக் கணினி தாண்டியிருக்கும். பழைய யூபிஎஸ்ஸே அணைவதற்குக் காரணமாகிவிடுவது இப்படித்தான். மாதம் ஒரு முறை சோதியுங்கள். எல்லா வேலையையும் சேமித்து மூடிவிட்டு, கணினி ஓடும்போதே யூபிஎஸ் செருகியுள்ள சுவர் சுவிட்சை அணையுங்கள். ஐந்து நிமிடம் தாங்கினால் நல்லது. உடனே அணைந்தாலோ ஒரு நிமிடம்கூட நிற்காவிட்டாலோ பேட்டரியை மாற்றுங்கள். முழு யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை.

பிரிண்ட் கொடுத்தால் கணினி அணைகிறது என்ற புகார் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம். பிரிண்டர் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் லேசர் பிரிண்டரும் அதே யூபிஎஸ்ஸில் செருகியிருக்கும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். லேசர் பிரிண்டர் மையைத் தாளில் உருக்கி ஒட்ட ஒரு சூடேற்றியை வைத்திருக்கிறது. அது சூடாகும் சில நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். யூபிஎஸ் திணறி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். லேசர் பிரிண்டரையும் ஜெராக்ஸ் மெஷினையும் நேராகச் சுவர் லைனில் போடுங்கள், முடிந்தால் தனி லைனில். கேபினட், மானிட்டர், இணைய மோடம் மூன்றும் யூபிஎஸ்ஸில் இருந்தால் போதும். மை ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டர் மிகக் குறைவாகவே இழுக்கும், அதை யூபிஎஸ்ஸில் வைப்பதில் தவறில்லை.

சூடு

ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். கடைக்கு மேலே தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டிருந்தால் உள்ளே அதற்கும் மேல். பிராசசரின் சூடு அறைச் சூட்டின் மேல்தான் ஏறுகிறது. கார்த்திகையில் 70 டிகிரியில் ஓடிய அதே பிராசசர், அதே வேலையைச் சித்திரை மதியத்தில் செய்யும்போது 85க்குப் போய்விடும். அதோடு குளிர்விக்கும் ஃபேனில் தூசியும் சேர்ந்தால், சுமார் 100 டிகிரியை எட்டியதும் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முழுதாக நிறுத்திவிடும். அது கோளாறு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் நிரல்கள். ஏதாவது ஒன்றைப் போட்டுத் திரையின் ஓரத்தில் ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50, வேலை செய்யும்போது 60 முதல் 80 என்றால் கவலையில்லை. 90ஐத் தொட்டால் கேபினட்டைத் திறக்க வேண்டிய நேரம். நிரல் போட நேரம் இல்லையென்றால், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் ஃபேனை நேராக உள்ளே வீசும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால் காரணம் சூடு. இது சோதனைக்கு மட்டும். திறந்தபடியே விட்டால் இன்னும் தூசி சேரும், பல்லியும் எலியும் குடியேறும்.

கிரானைட் பட்டறைகள் உள்ள பக்கமும், லாரிகள் ஓயாமல் போகும் தேசிய நெடுஞ்சாலை ஓரமும், செம்மண் தெருக்களும் தூசிக்குக் குறைவில்லாத இடங்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். மற்ற இடங்களில் ஆறு மாதம் போதும். சுவர் சுவிட்சை அணைத்து, கேபிள்களை எல்லாம் பிடுங்கி, கேபினட்டை வெளியே தூக்கிக்கொண்டு போய் ப்ளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், வேகக் காற்றில் சுழன்றால் பேரிங் கெடும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் டோனர் மையும் கலந்திருக்கும். மூக்கில் துணி கட்டாமல் ஊதாதீர்கள். ஈரத் துணியும் பெட்ரோலும் கூடவே கூடாது.

ஊதிய பிறகும் சூடு குறையவில்லையென்றால் இரண்டைப் பாருங்கள். முதலாவது, ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்கள். இன்டெல் பிராசசரோடு வரும் ஃபேனில் ஏதாவது ஒரு கால் மேலே எழும்பியிருப்பது சகஜம். கணினியை வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு அணையத் தொடங்கியது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். நான்கையும் குறுக்காக, எதிரெதிரே உள்ளதாக அழுத்திப் பூட்டுங்கள். இரண்டாவது, பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட். வருடங்கள் போனால் சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிரும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்டை நடுவில் வையுங்கள். அதிகம் வைத்தால் நல்லது என்று அப்ப வேண்டாம். ஏஎம்டி பிராசசர் உள்ள பழைய போர்டுகளில் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும், முள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஹீட்சிங்க்கை லேசாக இடமும் வலமும் திருகி எடுங்கள்.

கேபினட் வைக்கும் இடமும் முக்கியம். மேசைக்குக் கீழ் மூடிய பெட்டிக்குள் வைத்து, பின்பக்கம் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டால் சூடான காற்று போக வழியில்லை. பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்

கரண்ட் சரி, யூபிஎஸ் சரி, சூடும் 70ஐத் தாண்டவில்லை, ஆனால் ஆல்பம் டிசைன் செய்து முடித்துச் சேமிக்கும்போதோ வீடியோ ஏற்றும்போதோ மட்டும் அணைகிறது என்றால் இப்போது எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படலாம். கருகிய வாடை, கீச்சென்ற ஒலி, ஃபேன் சுழலாமல் நிற்பது ஆகியவை கூடுதல் சாட்சி.

பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கத்தில் வோல்டேஜ்கள் தெரியும். 12 வோல்ட் என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையில். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுழல்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் செய்கிறார்கள். அதில் ஃபேன் சுழன்றால் எஸ்எம்பிஎஸ் முழுதாகச் சாகவில்லை என்றுதான் அர்த்தம். பளு இல்லாமல் சுழல்வது வேறு, 150 வாட் இழுக்கும்போது நிற்பது வேறு. நம்பகமான சோதனை, நன்றாக ஓடும் இன்னொரு கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். ஃபேன் மாற்றுவதற்காகத் திறந்து அடி வாங்க வேண்டாம்.

புதிது வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 450, 500 என்ற எண்ணை விட்டுவிட்டு, ஸ்டிக்கரில் 12 வோல்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 12 ஆம்பியர் என்றால் 12 வோல்ட் லைனில் கிடைப்பது 144 வாட்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினிக்கு அது ஒருவேளை போதும். கார்டு போட்ட ஸ்டுடியோ கணினிக்குப் போதாது. கையில் தூக்கிப் பார்த்தால் காகிதம் போலக் கனமில்லாமல் இருப்பதை வாங்காதீர்கள். இந்த ஒரு பாகத்தில் மிச்சம் பிடிக்கும் பணம் பிறகு ஹார்டுடிஸ்க்கையும் சேர்த்துக் கேட்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230லேயே இருக்கட்டும், குழந்தைகள் தள்ளிவிடாதபடி டேப் ஒட்டுங்கள்.

மற்றவை

பவர் பொத்தானைச் சந்தேகப்பட்டால், மதர்போர்டிலிருந்து அதன் இரண்டு முள் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எழுப்புங்கள். அப்படி ஓடினால் பொத்தானைத்தான் மாற்ற வேண்டும். முன்பக்க யூஎஸ்பி போர்ட்டுக்குள் தகடு வளைந்து ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள சிறு உருளைக் கண்டென்சர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டை நம்ப முடியாது. செத்த பல்லி, எறும்புக் கூடு, எலி கடித்த ஒயர் எல்லாம் நம் ஊர்க் கேபினட்களில் கிடைப்பவைதான்.

நீலத் திரை வந்தால் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகள் போகத் துடைத்துச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை இரவில் ஓடவிடலாம். ஹார்டுடிஸ்க்கின் நிலையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் சொல்லும். 'காஷன்', 'பேட்' என்று காட்டினால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் கோப்புகளை நகலெடுங்கள்.

கோடை மழைக்கு முன் வரும் இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸோ ஸ்பைக் பாக்ஸோ உத்தரவாதம் தராது. வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இணைய மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டைக் கெடுப்பதும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தால், அன்று கரண்ட் திரும்பி வந்ததும் கணினியைப் போடாமல் ஒரு பத்து நிமிடம் லைட்டைக் கவனித்துவிட்டுப் போடுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

இவ்வளவுக்குப் பிறகும் அணைந்தால் தருமபுரிக்கோ சேலத்துக்கோ எடுத்துப்போக வேண்டியதுதான். போகும் முன் கோப்புகளை வெளி ஹார்டுடிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். இ-சேவை மையம் நடத்துபவர்கள் கணினியில் கிடக்கும் மற்றவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல்களை நகலெடுத்த பிறகு அழித்துவிட்டுக் கொடுங்கள். அவை உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் காகிதங்கள்.

நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து மெக்கானிக்குக் காட்டுங்கள். "அண்ணா, மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் அணையுது, பேஸ்ட் மாத்தியாச்சு, வேற எஸ்எம்பிஎஸ் போட்டும் பார்த்தாச்சு" என்று சொன்னால் அவர் அடுத்த இடத்திலிருந்து தொடங்குவார். கடையில் நன்றாக ஓடி, வீட்டுக்கு வந்ததும் அணைந்தால் அதுவும் ஒரு விடைதான். கடையின் கரண்ட் வேறு, உங்கள் கரண்ட் வேறு. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பாகத்தின் பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவந்தபின் அதே சுவர் பிளக்கில், அதே மதிய நேரத்தில், அதே வேலையைக் கொடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பதாகக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.